மோசே ஐந்நூலை எழுதவில்லை என்று ஒரு கத்தோலிக்கர் சொல்லலாமா?

பாலக்கோடு மறைக்கல்வி எழுதியது:

தருமபுரி மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றில் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். சென்ற வாரம் ஒரு மாணவன் திருவிவிலியத்தை விரித்து, மோசே எழுதியதாக மரபு சொல்லும் முதல் ஐந்து நூல்களான ஐந்நூலில் இரண்டு இடங்களில் விரல் வைத்துக் காட்டினான். இணைச்சட்டம் 34-ஆம் அதிகாரத்தில் மோசே இறந்ததும், அடக்கம் செய்யப்பட்டதும், அவருடைய கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது என்பதும் வருகின்றன. தொடக்கநூல் 36:31, இஸ்ரயேலரை அரசர் எவரும் ஆள்வதற்கு முன்பு ஏதோமை ஆண்ட மன்னர்களைப் பட்டியலிடுகிறது. தம்முடைய சாவையும், தமக்குப் பல தலைமுறை பிந்தி வந்த அரசாட்சியையும் மோசே எப்படி எழுதியிருப்பார் என்று அவன் கேட்டான்.

அவனுடைய அத்தை கிருஷ்ணகிரியில் பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்பவர். ஐந்து நூல்களையும் மோசேயே எழுத்துக்கு எழுத்து எழுதினார், அதில் ஐயம் கொள்பவன் விசுவாசியே அல்லன் என்று அவர் கூறியிருக்கிறார். யூடியூபில் பேசும் ஒருவரோ விவிலியம் முழுவதுமே பிற்காலத்தார் புனைந்த கதை என்கிறார். பிள்ளை இரண்டையும் கேட்டுவிட்டு என்னிடம் வந்திருக்கிறான். ஒரு நூல் எப்போது, எப்படி உருவானது என்று பார்க்கும் வரலாற்றுத் திறனாய்வு முறையில் விவிலியத்தை ஆராய்வது கத்தோலிக்கருக்குப் பாவமா, அனுமதியா, கடமையா? திருச்சபை உண்மையில் சொல்லியிருப்பது என்ன என்பதை ஆவணங்களோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓசூர் ஜெபமாலை எழுதியது:

சகோதரி, பிள்ளைகளிடம் இதைப் பேசும்போது மிகுந்த கவனம் வேண்டும். 1906-இல் திருப்பீட விவிலிய ஆணையம் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஐந்நூலின் ஆசிரியர் மோசே அல்லர் என்று காட்டுவதற்காகக் கொண்டுவரப்படும் வாதங்கள் போதுமானவை அல்ல என்று தீர்ப்பளித்தது. 1908-இல் எசாயா நூலுக்குப் பல ஆசிரியர்கள் உண்டு என்ற கருத்துக்கும் அதே பதில்தான் கிடைத்தது. 1907 ஜூலையில் வெளிவந்த 'லமெந்தாபிலி' ஆணை, கோட்பாடுகள் காலத்துக்கேற்ப மாறும் என்ற நவீனவாதிகளின் 65 கூற்றுகளைக் கண்டித்தது. செப்டம்பரில் புனித பத்தாம் பயஸ் 'பஷெந்தி' சுற்றுமடலை எழுதினார். நவம்பரில், விவிலிய ஆணையத்தின் முடிவுகளுக்கு மனச்சான்றோடு பணிய வேண்டும் என்றும் அறிவித்தார். 1910 முதல் குருக்களும் பேராசிரியர்களும் நவீனவாதத்துக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள்.

இவ்வளவும் ஒரு புனிதரின் காலத்தில் நடந்தவை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் விளைந்த புராட்டஸ்டண்ட் சரக்கை நம் குருமடங்கள் ஏன் இறக்குமதி செய்தன என்பதுதான் என் கேள்வி.

கோவிலூரான் எழுதியது:

ஓசூர் அண்ணன் குறிப்பிட்ட ஆண்டுகள் அனைத்தும் சரியானவை. நான் சில ஆண்டுகள் குருமடத்தில் படித்துவிட்டு வெளியே வந்து ஆசிரியர் பணியில் இருப்பவன். அங்கே இந்த ஆவணங்களை வரிவரியாகப் படிக்க வைத்தார்கள். ஆகவே 1906-இன் தீர்ப்பில் அண்ணன் விட்டுவிட்ட பகுதியைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். மோசே பிறரைக் கொண்டு எழுதுவித்திருக்கலாம், தமக்கு முந்திய எழுத்துகளையும் வாய்மொழி மரபுகளையும் பயன்படுத்தியிருக்கலாம், அவருக்குப் பிந்தைய காலத்தில் சில சேர்க்கைகளும் மாற்றங்களும் நிகழ்ந்திருக்கலாம் என்பனவற்றை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. இணைச்சட்டம் 34-ஐ மோசே எழுதவில்லை என்று அந்த மாணவன் 1906-இலேயே சொல்லியிருந்தாலும் அவனை எவரும் தண்டித்திருக்க மாட்டார்கள்.

புராட்டஸ்டண்ட் சரக்கு என்பதும் பாதி உண்மையே. பழைய ஏற்பாட்டின் 'விமரிசன வரலாறு' என்ற தலைப்பில் 1678-இல் முதன்முதலாக விரிவான நூல் எழுதிய ரிச்சர்ட் சிமோன், பிரான்சின் ஓரட்டோரியச் சபையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு. விவிலியம் மட்டுமே போதும் என்ற புராட்டஸ்டண்ட் கொள்கையை மறுக்கவே அவர் இந்த ஆய்வில் இறங்கினார்: நூலின் பாடமே இவ்வளவு சிக்கலானது என்றால் மரபு இல்லாமல் அதை எப்படிப் புரிந்துகொள்வீர்கள் என்பது அவருடைய வாதம். ஆயர் பொசுவே தலையிட்டு அச்சான படிகளை அழிக்கச் செய்தார். சிமோனைச் சபையும் வெளியேற்றியது. இந்த முறையைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம்முடையவர், அவரை விரட்டியவர்களும் நம்முடையவர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கு வந்தால் இருவரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இருவரின் அணுகுமுறைக்கும் ஒரே பெயர் சூட்டுவதால்தான் இன்றைக்கும் நம் பங்குகளில் குழப்பம் நீடிக்கிறது.

முதலாமவர் மரி-ஜோசப் லக்ராஞ்ச் என்னும் தொமினிக்கன் துறவி. 1890-இல் எருசலேமில் விவிலியப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் ஆய்விதழ் ஒன்றும் வெளிவந்தது. நூல் பிறந்த மண்ணில் நின்று, அதன் மொழிகளையும் கல்வெட்டுகளையும் நிலத்தையும் கற்று விவிலியத்தைப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஐந்நூலில் பல மூலங்கள் உண்டு என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். அதனால் ஐயத்துக்கு உள்ளானார். தொடக்கநூலுக்கு அவர் எழுதிய விளக்கவுரையை வெளியிட அனுமதி கிடைக்கவில்லை. 1912-இல் அவருடைய நூல்கள் குருமடங்களில் தடை செய்யப்பட்டன, அவரும் எருசலேமை விட்டு வெளியேற நேர்ந்தது. பணிந்தார், அடுத்த ஆண்டே திரும்பி வந்து, நற்செய்தி நூல்கள் நான்குக்கும் விளக்கவுரை எழுதி முடித்தார்.

இரண்டாமவர் ஆல்ஃபிரட் லுவாசி. 1902-இல் அவர் எழுதிய சிறுநூல், கிறிஸ்தவத்தை வெறும் ஒழுக்கச் செய்தியாகச் சுருக்கிய ஹார்னாக் என்ற புராட்டஸ்டண்ட் அறிஞருக்கு மறுப்பாக அமைந்தது. திருச்சபையைக் காக்கவே அதை எழுதினார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவருடைய பாதை, கோட்பாடுகள் அனைத்தும் காலத்துக்கேற்ப மாறும் சமய அனுபவத்தின் வெளிப்பாடுகளே என்ற இடத்துக்குச் சென்று சேர்ந்தது. 1908-இல் சபைநீக்கம் செய்யப்பட்டார்.

இருவர் கையிலும் இருந்த கருவிகள் பெரும்பாலும் ஒன்றே: மூலமொழி, பாட ஒப்பீடு, இலக்கிய வகை, காலக் கணிப்பு. கடவுள் வரலாற்றில் செயல்பட முடியுமா என்ற கேள்வியில்தான் அவர்கள் பிரிந்தார்கள். அன்றைய உரோமை அதிகாரிகளுக்கு அந்தப் பிளவுகோடு தெளிவாகத் தெரியவில்லை. வீடு பற்றி எரிகிறது என்று நினைத்தவர்கள் எல்லார் மேலும் தண்ணீரை ஊற்றினார்கள்.

கோடு தெளிவானது 1943 செப்டம்பர் 30, புனித எரோனிமுவின் திருநாளில். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு, அறிவியல் முறையில் விவிலியத்தைப் படிப்பதே திருச்சபைக்கு ஆபத்து என்று தாக்கும் சிறுநூல் ஒன்றை இத்தாலியக் குரு ஒருவர் பெயர் குறிப்பிடாமல் அச்சிட்டு ஆயர்களுக்கு அனுப்பியிருந்தார். விவிலிய ஆணையம் அதை வெளிப்படையாக மறுத்தது. அடுத்து வந்ததுதான் பன்னிரண்டாம் பயஸின் 'திவீனோ அஃப்ளாந்தே ஸ்பிரித்து' சுற்றுமடல். மூலமொழிகளிலிருந்தே மொழிபெயர்க்கலாம் என்பதை அது உறுதிப்படுத்தியது. எழுதியவரின் காலம், சூழல், அவர் கையாண்ட இலக்கிய வகை ஆகியவற்றை ஆராயாமல் அவர் சொல்ல வந்ததை அறிய முடியாது என்றது. அந்த ஆராய்ச்சியை விளக்கவுரையாளரின் பணியாகவே வைத்தது. சகோதரி கேட்ட 'பாவமா, அனுமதியா, கடமையா' என்பதற்கு, வல்லுநர்களைப் பொறுத்தவரை, 1943 முதல் விடை 'கடமை' என்பதே.

காவேரிப்பட்டினம் வாசகன் எழுதியது:

நான் கத்தோலிக்கன் அல்லன். முழு நற்செய்தி சபையைச் சேர்ந்தவன். நட்போடு ஒன்று கேட்கிறேன். யோவான் 5:46-இல் ஆண்டவர் இயேசுவே, மோசே என்னைக் குறித்து எழுதினார் என்கிறார். எங்களுக்கு அதோடு விவாதம் முடிந்தது. போப் 1943-இல் சொன்னதும் 1906-இல் சொன்னதும் முரண்படுகின்றன என்றால், ஆண்டவர் சொன்னதைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு அல்லவா?

பர்கூர் தமிழாசிரியர் எழுதியது:

நான் கிறிஸ்தவனே அல்லன், தமிழ் கற்பிப்பவன். இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வந்தேன். உள்ளூர்ச் செய்தி ஒன்று இதற்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது.

தகடூர் என்பது நம் தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி பெற்று, 'நீலமணி மிடற்று ஒருவன் போல' நிலைபெறுக என்று வாழ்த்திய ஔவையார் புறநானூற்றில் இருக்கிறார். ஆத்திசூடி பாடியவரும் ஔவையாரே. ஊரில் கேட்டால் இருவரும் ஒரே பாட்டிதான். ஆனால் ஆத்திசூடியின் சொல், யாப்பு, சமயச் சூழல் எல்லாம் சங்க காலத்துக்கு மிகவும் பிந்தியவை. ஒரே பெயரில் வெவ்வேறு காலத்துப் புலவர்கள் பாடினார்கள் என்பதைத் தமிழறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதற்காக எவரும் ஆத்திசூடியைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துவிடவில்லை. அதேபோல், ஆய்வு என்றால் மரபை உடைப்பது என்றும் எண்ண வேண்டாம்: பாடல்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த அதியமானின் பெயர், ஜம்பைக் குன்றில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டிருப்பது 1981-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே அவனுக்கு 'ஸதியபுதோ' என்ற பட்டமும் இருந்ததால் அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் விடை கிடைத்தது. கேள்வி கேட்ட அதே முறைதான் பாட்டுக்குச் சான்றும் தந்தது.

எசாயா நூலைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்வதை ஏறக்குறைய இந்த நிலையிலிருந்தே புரிந்துகொள்கிறேன்.

ஓசூர் ஜெபமாலை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஔவையை வைத்துச் சொன்னது அழகாக இருந்தாலும் ஒரு இடத்தில் பொருந்தவில்லை. ஆத்திசூடியை யார் பாடியிருந்தாலும் 'அறஞ்செய விரும்பு' என்பது அறமாகவே இருக்கும். எசாயா 45:1-இல் பாரசீக மன்னர் சைரசின் பெயர் வருகிறது. எசாயா வாழ்ந்தது கி.மு. எட்டாம் நூற்றாண்டு, சைரசு பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539. முன்கூட்டியே பெயர் சொன்னார் என்றால் அது இறைவாக்கு. சைரசின் காலத்தில் வாழ்ந்த வேறொருவர் எழுதினார் என்றால் அது செய்தி. இரண்டும் ஒன்றாகுமா?

தென்பெண்ணை எழுதியது:

நான் ஒரு அருள்சகோதரி. பெயர் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஓசூர் சகோதரர் எழுப்பியதுதான் இந்த இழையின் முதன்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருவதற்கு முன், காவேரிப்பட்டினம் சகோதரருக்கு ஒரு சொல். ஆண்டவர் தம் காலத்து யூதர் அனைவரும் வழங்கிய பெயரிலேயே நூலைச் சுட்டினார். அந்த இடத்தில் அவர் ஆசிரியர் யார் என்ற வழக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கவில்லை. மோசேயை நம்புவதாகச் சொல்லிக்கொண்டே தம்மை மறுத்தவர்களோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

இனி எசாயா. இறைவாக்கினர் என்பவர் முதன்மையாக எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்பவர் என்று நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். 40-ஆம் அதிகாரத்தில் 'ஆறுதல் கூறுங்கள்' என்று தொடங்கும் குரல் யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். எருசலேம் ஏற்கெனவே அழிந்துவிட்டது, தண்டனைக் காலம் முடிந்தது என்று அது பேசுகிறது. அழிவு வரப்போகிறது என்ற எச்சரிக்கை அங்கே இல்லை. நாடு கடத்தப்பட்டு மனமுடைந்தவர்களுக்கான தேற்றரவு இருக்கிறது. உலகமே ஒரு படையெடுப்பாளரைக் கண்டு நடுங்கியபோது, அந்தப் புறவினத்து மன்னரைப் பார்த்து, ஆண்டவர் திருப்பொழிவு செய்தவர் இவர் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! அதைச் செய்தி என்று நான் சொல்ல மாட்டேன். நிகழ்வதன் உட்பொருளைக் கடவுளின் பார்வையில் கண்டு சொல்வதும் இறைவாக்கே. 40-ஆம் அதிகாரம் முதல் பேசுபவர் பிற்காலத்து வேறொருவர், அதாவது 'இரண்டாம் எசாயா', என்ற கருத்தை நான் ஏற்பது கடவுளால் முன்கூட்டிப் பெயர் சொல்ல முடியாது என்பதற்காக அன்று. அப்படி ஒருவர் வாதிட்டால் அது கெட்ட வாதம். நூலே காட்டும் சூழலுக்காக ஏற்கிறேன்.

ஆசிரியர் யார் என்பதும் நூல் இறை ஏவுதல் பெற்றதா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை நாம் வாரந்தோறும் திருப்பலியில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், கவனிப்பதில்லை. வாசகர் மேடைக்குச் சென்று, 'திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம்' என்கிறார். அடுத்தொரு ஞாயிறு, 'எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்திலிருந்து வாசகம்' என்கிறார். பவுலின் பெயர் இல்லை. அம்மடலை எழுதியவர் யார் என்பது கடவுளுக்கே தெரியும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலார் ஒரிஜன் சொல்லியிருக்கிறார். அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு, நடையையும் சொல்லாட்சியையும் ஒப்பிட்டு, யோவான் நற்செய்தியை எழுதியவர் திருவெளிப்பாட்டை எழுதியிருக்க முடியாது என்று வாதிட்டார். ஆயினும் நாம் இரண்டு நூல்களையும் 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்றே வாசித்து முடிக்கிறோம். 'இறைவா உமக்கு நன்றி' என்றே பதில் சொல்கிறோம். மாற்கு 16:9-20 மிகப் பழைய சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் இல்லை. இருந்தும் அது நம் திருமுறையின் பகுதி, ஏனெனில் பதினாறாம் நூற்றாண்டின் திரெந்து பொதுச்சங்கம் ஏற்றுக்கொண்டது நூல்களையும் அவற்றின் பகுதிகளையுமே. ஆசிரியர் பட்டியலுக்கு அது முத்திரை குத்தவில்லை.

ஓசூர் ஜெபமாலை எழுதியது:

சகோதரியின் விளக்கத்தை மதிக்கிறேன். நான் படித்தவன் அல்லன். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். என் பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு மறையுரையில், ஐந்து அப்பமும் இரண்டு மீனும் உண்மையில் பெருகவில்லை, மக்கள் தங்கள் மடியில் மறைத்து வைத்திருந்த உணவை இயேசுவின் பேச்சைக் கேட்டு வெளியே எடுத்துப் பகிர்ந்துகொண்டார்கள், பகிர்வுதான் புதுமை, விவிலிய அறிஞர்கள் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஒரு குரு பேசினார். என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா, 'அப்படியென்றால் ஆண்டவர் ஒன்றும் செய்யவில்லையா, சாமி?' என்று திருப்பலி முடிந்த பின் அவரிடமே கேட்டார். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இன்று அப்பம், நாளை கன்னிப்பிறப்பு, மறுநாள் உயிர்ப்பு. மோசேயில் தொடங்கினால் அங்கே போய்த்தானே முடியும்?

கோவிலூரான் எழுதியது:

அண்ணா, அந்த அம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. மறையுரையில் சொல்லப்பட்டதற்கு வரலாற்றுத் திறனாய்வு என்ற பெயரே பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த விளக்கத்தை நானும் நம் மாவட்டங்களில் பல முறை கேட்டிருக்கிறேன். அறிஞர்களின் பெயரால்தான் அது சொல்லப்படுகிறது.

அந்த விளக்கத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஹைன்ரிக் பவுலுஸ் என்ற ஜெர்மானியப் பகுத்தறிவுவாதி. இயற்கைக்கு மீறியது எதுவும் நிகழாது என்ற முடிவை முன்னதாக எடுத்துக்கொண்டு, 1828-இல் அவர் எழுதிய இயேசு வரலாற்றில் ஒவ்வொரு புதுமைக்கும் இயல்பான காரணம் தேடினார். அப்பம் பெருகியது பகிர்வு என்றானது. கடல்மேல் நடந்தது கரையோரம் நடந்தது என்றானது. 1835-இல் இதை அடித்து நொறுக்கியவர் பக்தர் அல்லர், புதுமைகளை நம்பாத டேவிட் ஸ்ட்ராவுஸ். பாடத்தில் இல்லாததைப் பாடத்துக்குள் திணிக்கிறீர்கள் என்பதே அவர் குற்றச்சாட்டு. வரலாற்று முறையைக் கண்டிப்பாகக் கையாளும் எவரும், நம்பிக்கை உள்ளவராயினும் இல்லாதவராயினும், மடியில் மறைத்த உணவைப் பற்றி நற்செய்தியாளர் எவரும் ஒரு சொல்கூட எழுதவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்வார். நான்கு நற்செய்திகளிலும் வரும் புதுமை இது ஒன்றே (உயிர்ப்பை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை). மாற்கில் அதுவே இரு முறை வருகிறது. விடுதலைப் பயணத்தின் மன்னாவையும், இருபது வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டு நூறு பேருக்கு உணவளித்த எலிசாவையும் (2 அரசர்கள் 4) நினைவூட்டும்படி அது சொல்லப்பட்டிருக்கிறது. இறுதி இராவுணவில் வரும் 'எடுத்து, ஆசி கூறி, பிட்டு, கொடுத்தார்' என்ற வினைகளும் அதே வரிசையில் வருகின்றன. திறனாய்வு நமக்குத் தருவது இதைத்தான். அந்த அம்மாவிடமிருந்து எதையும் அது பறிக்கவில்லை.

இதே பிரச்சினையைத்தான் கர்தினால் இராட்சிங்கர் 1988 ஜனவரியில் நியூயார்க்கில் ஆற்றிய உரையில் எடுத்துக்கொண்டார். திறனாய்வாளர்கள் தங்களையும் திறனாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும். புல்ட்மான், திபேலியுஸ் போன்ற ஜெர்மானிய விவிலிய அறிஞர்கள் 'ஆய்வு முடிவு' என்று அறிவித்தவற்றில் பல, ஆய்வுக்கு முன்பே அவர்கள் ஏற்றிருந்த மெய்யியலின் முடிவுகள் என்று அவர் காட்டினார். ஆனாலும் அவர் முறையைக் கைவிடச் சொல்லவில்லை. பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான பின் 2007-இல் வெளியிட்ட இயேசுவைப் பற்றிய நூலின் முன்னுரையில், அந்த முறை இன்றியமையாதது என்று எழுதி, அதற்குக் காரணமும் கூறுகிறார்: நம் நம்பிக்கை காலம் கடந்த குறியீடுகள் மீது கட்டப்பட்டதன்று, மண்ணில் நிகழ்ந்த வரலாற்றின் மீது கட்டப்பட்டது. 'வாக்கு மனிதர் ஆனார்' என்று அறிக்கையிடும் ஒருவர் வரலாற்று ஆய்வைக் கண்டு ஓட முடியாது. பெனடிக்டை மேற்கோள் காட்டும் இரு தரப்பினருமே இந்த இரண்டு பாதிகளில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

கன்னிப்பிறப்பைப் பற்றியும் அண்ணன் குறிப்பிட்டார். அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு ரேமண்ட் பிரௌன், இயேசுவின் பிறப்பு வரலாறுகளைப் பற்றி 1977-இல் பெருநூல் எழுதினார். மத்தேயுவில் திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடுகிறது. லூக்காவில் கோவிலில் காணிக்கையாக்கிய பின் நாசரேத்துக்குத் திரும்புகிறது. இரண்டையும் ஒரே நாட்குறிப்பாகத் தைக்க முடியாது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு நூல்களும் ஒன்றையொன்று சாராமலே கன்னியிடம் கருவுற்றதைச் சொல்கின்றன என்பதையும் கவனித்தார். வரலாற்றுச் சான்றுகளை மட்டும் கொண்டு அதை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டு, திருச்சபையின் போதனையை ஏற்று அதை நம்பினார். முறை எங்கே நிற்கிறது, நம்பிக்கை எங்கே தொடர்கிறது என்று அவர் கோடு போட்டுக் காட்டியதை நான் நேர்மை என்று மதிக்கிறேன். அதற்காகவே இரு பக்கமும் அவரைத் திட்டினார்கள்.

ஓசூர் ஜெபமாலை எழுதியது:

அந்த மறையுரைக்குப் பெயர் வேறு என்பதை ஏற்கிறேன். உயிர்ப்புக்குப் பதில் வரவில்லை.

தென்பெண்ணை எழுதியது:

அதற்கும் திருச்சபை வேலி போட்டிருக்கிறது. 1961, 62-ஆம் ஆண்டுகளில் உரோமையிலேயே இதைக் குறித்துப் பெரிய மோதல் நடந்தது; திருப்பீட விவிலிய நிறுவனத்தின் பேராசிரியர்களான லியோனே, செர்விக் இருவரும் கற்பிப்பதிலிருந்து நிறுத்தப்பட்டார்கள், 1964-இல் மீண்டும் அழைக்கப்பட்டார்கள். அதே 1964-இல் விவிலிய ஆணையம் நற்செய்திகள் உருவான மூன்று நிலைகளை விளக்கியது: இயேசு சொன்னதும் செய்ததும், திருத்தூதர்கள் உயிர்ப்பின் ஒளியில் போதித்தது, நற்செய்தியாளர்கள் தம் சபைகளின் தேவைக்கேற்பத் தெரிந்தெடுத்தும் சுருக்கியும் எழுதியது. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு கொள்கைத்திரட்டு இந்த மூன்று நிலைகளை ஏற்றுக்கொண்டது; அதே பத்தியில், நற்செய்திகள் நான்கின் வரலாற்றுத் தன்மையைத் திருச்சபை தயக்கமின்றி உறுதிப்படுத்துகிறது என்றும் எழுதியது. மறைக்கல்வி ஏடு உயிர்ப்பை வரலாற்றில் சான்றுள்ள உண்மை நிகழ்வு என்றும், வரலாற்றைக் கடந்த மறைபொருள் என்றும் ஒருங்கே கற்பிக்கிறது.

அந்த முறை உயிர்ப்பை அரித்துவிடும் என்ற அச்சத்துக்கு, 1 கொரிந்தியர் 15:3-7-ஐப் படித்துப் பாருங்கள். 'நான் பெற்றுக்கொண்டதையே உங்களிடம் ஒப்படைத்தேன்' என்று பவுல் தொடங்குகிறார். பிறகு கேபா, பன்னிருவர், ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு என்று பட்டியல் வருகிறது. சொல்லாட்சியையும் அமைப்பையும் ஆராய்ந்து, இது பவுலுக்கு முந்திய அறிக்கை என்றும், சிலுவைச் சாவுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே வடிவம் பெற்றிருக்க வேண்டும் என்றும் காட்டியவர்கள் திறனாய்வாளர்களே. உயிர்ப்பு நம்பிக்கை நூறாண்டு கழித்து வளர்ந்த கதை என்று யூடியூபில் பேசுபவருக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பாலக்கோடு மறைக்கல்வி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஐந்நூலைப் பொறுத்தவரை பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது என்பதில்தான் இன்னும் எனக்குத் தெளிவு தேவை. ஜே, ஈ, டி, பி என்று நான்கு மூலங்களைக் கரும்பலகையில் எழுதலாமா?

கோவிலூரான் எழுதியது:

எழுத வேண்டாம் என்பது என் கருத்து. ஜெர்மானிய அறிஞர் வெல்ஹாவுசன் 1878-இல் வடிவம் கொடுத்த அந்த நான்கு மூலக் கோட்பாடு நூறாண்டு ஆட்சி செய்தது. 1970-களுக்குப் பின் அறிஞர்களே அதைப் பல பக்கமும் இடித்துவிட்டார்கள். ஐந்நூல் பல கைகளில், பல காலங்களில் வளர்ந்தது என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபடுகிறார்கள். எந்தக் கை, எந்தக் காலம் என்பதில் இல்லை. திருச்சபையும் எந்த ஒரு கோட்பாட்டுக்கும் கையெழுத்துப் போடவில்லை. 1948-இல் விவிலிய ஆணையம் பாரிசின் கர்தினால் சுகாருக்கு எழுதிய மடலில், மூலங்கள் உண்டு என்பதையும் மோசேயின் சட்டங்கள் படிப்படியாக வளர்ந்தன என்பதையும் இன்று ஐயுறுபவர் எவரும் இல்லை என்றது. அந்த அளவில் நின்றுகொண்டால் போதும்.

வகுப்பில் தொடக்கநூல் 6:19, 7:2 ஆகிய இரண்டையும் பிள்ளைகளே உரக்க வாசிக்கட்டும். முதல் இடத்தில் எல்லா உயிரினத்திலும் ஒவ்வொரு சோடி பேழைக்குள் போகிறது. இரண்டாவதில் தீட்டற்ற விலங்குகளில் ஏழு சோடி போகிறது. வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு பழைய மரபுகளை ஒன்றாகக் கோத்தவர், எதையும் வெட்டி எறியத் துணியாமல் இரண்டையும் காத்து வைத்தார் என்று சொல்லுங்கள். பிறகு, கடவுள் நம் மீட்புக்காக எழுதி வைக்க விரும்பிய உண்மையை விவிலியம் தவறின்றிக் கற்பிக்கிறது என்ற சங்கத்தின் வரையறையை வாசியுங்கள். திருவிவிலியத்தில் ஒவ்வொரு நூலுக்கும் முன்னால் அச்சாகியிருக்கும் முன்னுரையையும் படிக்கச் சொல்லுங்கள். 1995 முதல் நம் வீடுகளில் இருக்கும் பதிப்பு அது. விவிலியப் போட்டிக்கு அதிகார எண்களை மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஓசூர் ஜெபமாலை எழுதியது:

ஒரு திருத்தம். நீங்கள் எல்லாரும் விவிலிய ஆணையத்தையே மேற்கோள் காட்டுகிறீர்கள். 1993-இல் அவ்வாணையம் வெளியிட்ட ஆவணமும் உங்கள் கையில் இருக்கும்: வரலாற்றுத் திறனாய்வு இன்றியமையாதது என்றும், எழுத்துவாதம் ஒருவரை அறிவுத் தற்கொலைக்கு அழைக்கிறது என்றும் சொல்வது. ஆனால் 1971-இல் புனித ஆறாம் பவுல் அந்த ஆணையத்தை மாற்றியமைத்த பிறகு அது அறிஞர்களின் ஆலோசனைக் குழுவே தவிர, திருச்சபையின் போதிக்கும் அதிகாரத்தின் உறுப்பு அன்று. 1906-இன் தீர்ப்புக்கு இருந்த அதிகாரம் 1993-இன் ஆவணத்துக்கு இல்லை. பழையதைத் தள்ளிப் புதியதை எடுக்கும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கோவிலூரான் எழுதியது:

சரியான திருத்தம், குருமடத்திலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆகவே 1993-ஐ ஒதுக்கி வைத்துவிட்டே பேசலாம். 1906-இன் வகைத் தீர்ப்புகளைப் பற்றி ஆணையத்தின் செயலரே 1955-இல் விளக்கம் தந்தார்: நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் தொடாத இடங்களில் ஆய்வாளருக்கு முழு உரிமை உண்டு. 1990-இல் கர்தினால் இராட்சிங்கரும், அந்தக் காலத்துத் தீர்ப்புகளில் பல அன்றைய சூழலுக்கான தற்காலிகக் காப்புகள் என்ற பொருளில் பேசினார். இவையும் போதாது என்றால் சங்கம் இருக்கிறது. இறைவெளிப்பாட்டைப் பற்றிய முதல் வரைவு பழைய பாணியில் 1962 நவம்பரில் வந்தபோது, அதன்மீதான விவாதத்தை நிறுத்த 1368 பேர் வாக்களித்தார்கள், தொடர 822 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைந்ததால் வரைவு தப்பியிருக்கும். புனித இருபத்துமூன்றாம் யோவான் தலையிட்டு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மூன்றாண்டுகள் மாற்றி எழுதப்பட்ட பிறகு 1965 நவம்பர் 18-இல் 2344 பேர் ஏற்றார்கள், 6 பேர் மறுத்தார்கள். இலக்கிய வகைகளை ஆராய வேண்டும் என்பதும், முழு மறைநூலின் ஒருமையையும் திருச்சபையின் மரபையும் கண்முன் வைத்தே பொருள் காண வேண்டும் என்பதும் அதன் 12-ஆம் பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றன. அது எந்த ஆலோசனைக் குழுவின் கருத்தும் அன்று, பொதுச்சங்கத்தின் போதனை. சகோதரி ஞாயிறன்று அந்த ஒரு பத்தியை நகலெடுத்துக் கொடுத்தால் போதும். அண்ணனும் அதை மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஓசூர் ஜெபமாலை எழுதியது:

12-ஆம் பத்தியை மறுக்கவில்லை. இரண்டு பாதியையும் நகலெடுங்கள்.